மூன்று பாஷை, ஒரே சுழி

எத்திராஜுக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. பயம் வந்து பார்க்காதவர்கள் கிடையாது. பெங்களூர் ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்த மனிதர். லிஃப்டில் ஏறினால் கதவு மூடுகிறவரைக்கும் மூச்சு விடமாட்டார்.

பக்கவாதம் வந்தவர்களுக்குச் சட்டைப் பொத்தான் போடவும், சோறு பிசையவும், கையெழுத்துப் போடவும் திரும்பக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்று பெயர். இருபத்தாறு வருஷமாக அதைத்தான் செய்கிறார். இப்போது, மாநில கவுன்சிலில் பதிவு செய்து நம்பர் வாங்காதவர்கள் தொழில் செய்யக் கூடாது என்று வந்துவிட்டது. வைட்ஃபீல்டில் அவர் வேலை பார்க்கும் கிளினிக்கின் மேனேஜர் சௌம்யா, "அங்கிள், வெள்ளிக்கிழமைக்குள்ள நம்பர் வரலைன்னா ஒண்ணாந்தேதிலேர்ந்து உங்களுக்கு டியூட்டி போட முடியாது. தப்பா நினைச்சுக்காதீங்க" என்று வெகு இனிமையாகச் சொல்லியிருந்தாள். எத்திராஜ் தப்பாக நினைக்கவில்லை. மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

அவர் நெடுங்காலம் வேலை பார்த்த ஆஸ்பத்திரியை மூடி, அந்த இடத்தில் சோபா விற்கிறார்கள். அனுபவச் சான்று கொடுக்க ஆள் இல்லை. சரி, சிகிச்சை பெற்ற மூன்று பேரிடம் கடிதம் வாங்கி வாருங்கள் என்றார்கள். வாங்கினார். பள்ளிக்கூட ஆயாவாக இருந்த அன்னம்மாள் தமிழிலும், ரிட்டையர்டு பேங்க் மேனேஜர் பத்ரிநாத் இங்கிலீஷிலும், டெய்லர் லட்சுமம்மா கன்னடத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

வியாழக்கிழமை கவுன்சில் அலுவலகத்தில், ஸ்ரீஹர்ஷா என்ற அதிகாரி மூன்று கடிதங்களையும் மேஜைமேல் வரிசையாகப் பரப்பினார். பக்கத்தில் எத்திராஜின் விண்ணப்பத்தை வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்.

"ஏன்ரீ இது? மூணு லெட்டர்லயும் நீங்களே சைன் மாடிட்டீங்களா?"

எத்திராஜ் எட்டிப் பார்த்தார். மூன்று கையெழுத்துக்கும் அடியில் ஒரே மாதிரி கோடு. கோட்டின் முடிவில் முறுக்குப் பிழிந்தது போல் இரண்டு சுற்றுச் சுழி. விண்ணப்பத்திலும் அதே சுழி. மணிக்கட்டு நன்றாகத் திரும்ப வேண்டும் என்று, தன் கையெழுத்தையே மாதிரியாகப் போட்டுக் காட்டி மாதக்கணக்கில் எழுதவைப்பது அவர் வழக்கம். கை தேறியதும் எல்லாரும் அவரை விட்டுவிட்டார்கள். சுழியை விடவில்லை.

"நான் கத்துக்குடுத்ததுங்க சார் அது."

"நல்லா கத்துக்குடுத்தீங்க. நாளைக்கு மூணு பேரையும் கூட்டிட்டு வாங்க. என் முன்னாடி போடட்டும். இல்லாட்டி ஃபைல் வாபஸ்."

வெள்ளிக்கிழமை காலை இரண்டு ஆட்டோக்களில் வந்து இறங்கினார்கள். அன்னம்மாள்தான் முதலில் உட்கார்ந்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக நட்டு, கோடு இழுத்து, சுழித்தாள். பின்னால் நின்ற வரிசை முணுமுணுத்தது. லட்சுமம்மா கன்னடத்தில் போட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சுற்று அதிகமாகவே சுழித்தாள். பத்ரிநாத்தும் போட்டார். போட்டவர் எழுந்திருக்கவில்லை. பழக்க தோஷம், எல்லாக் கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

"சார், முப்பது வருஷம் கையெழுத்தப் பாத்துத்தான் நான் செக் பாஸ் பண்ணினேன். இதெல்லாம் எங்கிட்ட வந்திருந்தா போலீஸைக் கூப்பிட்டிருப்பேன்."

"பத்ரி சார்!" எத்திராஜ் அவர் தோளைத் தொட்டார்.

"உள்ளதைத்தானே சொல்றேன்?"

அன்னம்மாள் திரும்பினாள். "யோவ் மேனேஜரு, இன்னிக்கு உன் சட்டைக்குப் பொத்தான் போட்டது யாரு?"

"நான்தான்."

"போன வருசம்?"

பத்ரிநாத் மேல் பொத்தானை வலது கையால் கழற்றினார். பிறகு அதே கையால், நடுங்கி நடுங்கி, துளையைத் தேடிப் பிடித்துப் போட்டார். இரண்டாவதற்குக் கை போனது.

"சாக்கு சார், போதும், ஆபீஸ் இது!" என்று ஸ்ரீஹர்ஷா அவசரமாகத் தடுத்தார். வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் பதிவேட்டை எத்திராஜ் பக்கம் தள்ளினார். "நீங்க இங்க ஒரு சைன் போட்டா முடிஞ்சுது."

எத்திராஜ் பேனாவை எடுத்தார். கை உதறியது. கோடு மலையேறி இறங்கிப் பாதியில் நின்றது.

"இது அப்ளிகேஷன்ல இருக்கிற மாதிரி இல்லையே?"

இரண்டாம் தடவை இன்னும் மோசம். பத்ரிநாத் எட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னா எத்திராஜு இது, கரப்பாம்பூச்சி ஓடின மாதிரி?" அன்னம்மாள் அவர் முழங்கையைப் பிடித்து மேஜைமேல் அழுத்தினாள். "தோளை எறக்கு. மூச்ச வுடு. ஆபீசரு எங்கியும் ஓடிப் போவமாட்டாரு."

"நிதானா மகா, நிதானா," என்று மகனிடம் சொல்வது போல் சொன்னாள் லட்சுமம்மா.

மூன்றாவது தடவை கோடு நேராகப் போய்ச் சுழித்தது. ஸ்ரீஹர்ஷா குனிந்து, விண்ணப்பத்தோடு ஒப்பிட்டு, முத்திரையைக் குத்தினார். "ஆயித்து. சாயங்காலம் மொபைலுக்கு நம்பர் வரும்."

எத்திராஜ் தலையாட்டினார். ஆனால் பேனாவை விடவில்லை. அன்னம்மாள்தான் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அதை வாங்கி அதிகாரியிடம் கொடுத்தாள்.