கிணறு இறைக்கிறவனுக்குப் பெயர் தேடியது

எங்கள் வேலைக்குப் பெயர் இருக்கவில்லை. கிணறு இறைக்கிற ஆட்கள், அவ்வளவுதான். நானும் வேறு இரண்டு பேரும். ஒரு பம்ப், கயிறு, வாளி, எல்லாவற்றையும் ஏற்றிப்போகப் பெட்டி பூட்டிய ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம்.

வெளிநாட்டில் இருக்கிறவர்களின் பூட்டிக் கிடக்கும் வீடுகளில்தான் எங்களுக்கு வேலை. நல்லூர்த் திருவிழாவுக்கு அவர்கள் வந்து இறங்குமுன் கிணற்றை இறைத்து, சேறு அள்ளி, வீட்டைச் சுற்றியுள்ள வளவைத் துப்புரவாக்கிக் கொடுப்போம். வேலை எல்லாம் கோப்பாயில் ஒரு கடைக்கார அண்ணை மூலம் வந்தது. வெளிநாட்டுக்காரர் அவருக்குத்தான் போன் எடுப்பார்கள். அவர் மகளோடு இருக்கக் கனடா போய்விட்டார். அந்த வருடம் திருவிழா நெருங்கியும் எங்களை ஒருவரும் கூப்பிடவில்லை.

என் ஆட்கள் இருவரும் கொழும்புக்குக் கட்டட வேலைக்குப் போகப்போவதாகச் சொன்னார்கள். குற்றம் சொல்ல முடியாது. அவர்களுக்கும் வீடு வாசல் இருக்கிறது. ஆனால் ஒருவன் கிணற்றுக்குள் இறங்கினால் மேலே இரண்டு பேர் நிற்க வேண்டும். அவர்கள் போனால் என் தொழிலும் போய்விடும். மாத முடிவு வரை பொறுங்கள் என்றேன்.

மகள் திருநெல்வேலியில் ஒரு கம்பியூட்டர் நிலையத்தில் வேலை செய்கிறாள்.

“வெப்சைற் ஒண்டு போடுவம் அப்பா. முதல் அதுக்கொரு பேர் எடுக்கவேணும்” என்றாள்.

எங்கள் வளவு வைரவரின் பெயரை வை என்றேன். கடையும் பஸ்ஸும் சாமி பெயரில்தானே ஓடுகின்றன.

அவள் சிரித்தாள். “லண்டனில இருந்து வைரவரைத் தேடினா வைரவர் கோயில்தான் வரும். கிணறு இறைக்க ஆள் வேணுமெண்டா சனம் என்னத்தை எழுதித் தேடும்? யாழ்ப்பாணம், கிணறு, துப்புரவு. அதையே பேரா வைச்சா நாங்கள் மேல வருவம்.”

“எங்கை மேல?”

“தேடினா வரிசையா வரும் அப்பா. அதில மேல.”

“ஆர் மேல வைக்கிறது?”

“ஒருத்தரும் வைக்கிறேல்லை. அதுவா வைக்கும்.”

எனக்கு விளங்கவில்லை. தலையை ஆட்டினேன்.

மனைவியின் தம்பி அப்போது அங்கே இருந்தான். சந்தியில் கூல்பார் வைத்திருக்கிறான். கடையைவிடப் பெயர்ப் பலகை பெரிது.

“தொழிலின்ரை பேரையே ஆரும் பேரா வைப்பினமே, அத்தான்? நாளைக்கு உவளுக்கொரு பிள்ளை பிறந்தா ‘பிள்ளை’ எண்டே பதியிறது? பேரெண்டா ஒருக்காக் கேட்டா மனசில நிக்கவேணும்.”

“மாமா, உங்கடை கடையை இன்ரநெற்றில தேடினா வராது.”

“வராட்டி என்ன? தாகமெடுத்தவன் நேர வருவான்.”

“கனடாவில இருக்கிறவனுக்குத் தாகமெடுத்தா?”

அவன் தேத்தண்ணியைக் குடித்தான். எனக்கு இருவர் சொன்னதும் சரியாகப் பட்டது. அதுதான் கரைச்சல்.

மகள் பெயர்களைப் போட்டுப் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொன்றையும் யாரோ எடுத்திருந்தார்கள்.

“இவையும் கிணறு இறைக்கிறவையோ?” என்று கேட்டேன்.

“இல்லை அப்பா. பேரை மட்டும் வாங்கி வைச்சிருக்கினம். உள்ளுக்கை ஒண்டுமில்லை.”

“ஆக்கள் எங்கை?”

“எங்கையோ வெளிநாட்டில.”

அது மட்டும் எனக்கு உடனே விளங்கியது. அப்படிப்பட்ட வளவுகளுக்குள்தானே நான் இத்தனை வருடமாகக் கிணறு இறைக்கிறேன்.

கடைசியில், யாழ்ப்பாணம், கிணறு, துப்புரவு என்ற மூன்றையும் இங்கிலிஸ் எழுத்தில் சேர்த்து ஒரு நீளமான பெயர் கிடைத்தது. மைத்துனன் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, மூச்சு முட்டுகிறது என்றான். மகள் அதையே எடுத்து, வெப்சைற்றில் என் போன் நம்பரையும் போட்டாள்.

சில நாட்களில் லண்டனில் இருந்து ஒரு பெண் கூப்பிட்டார்.

“கிணறு துப்புரவாக்கிற கொம்பனியோ?”

கொஞ்சம் யோசித்து, “ஓம்” என்றேன்.

“உங்கடை ஒபீஸ் எங்கை?”

“கோப்பாயில.” பம்ப் நிற்கிற கொட்டிலை நினைத்துக்கொண்டு சொன்னேன்.

வட்டுக்கோட்டையில் அவருடைய தாய் இருந்த வீடு. பூட்டின் திறப்பு பக்கத்து வீட்டு அம்மாவிடம் இருக்கிறது, தான் சொல்லிவைப்பதாகச் சொன்னார்.

நாங்கள் மூவரும் போனோம். பக்கத்து வீட்டு அம்மா தன் வாசற் படலை வரை வந்தார். படலையைத் திறக்கவில்லை.

“லண்டன்காரி சொன்னவள்தான். யாழ்ப்பாணத்தில இருந்து கொம்பனி வருமெண்டவள். கொம்பனியளுக்கு நான் திறப்புக் குடுக்கிறேல்லை, தம்பி. போன முறை ஒண்டு வந்து, புல்லு வெட்டுறமெண்டு மாதுளையையும் வெட்டிப்போட்டுப் போட்டாங்கள்.”

“நாங்கள் கொம்பனி இல்லை அம்மா.”

“அப்ப என்னத்துக்கு அப்பிடிப் பேர்?”

மகள் வைத்தது என்றேன்.

“எந்த ஊர் நீங்கள்?”

“கோப்பாய்.”

“கோப்பாயில இருந்து வந்து இங்கை ஆரின்ரை கிணறு இறைச்சனீங்கள்?”

சந்திக்குக் கிட்ட உள்ள மாடி வீட்டைச் சொன்னேன். அவர் எட்டி லான்ட்மாஸ்டருக்குள் பார்த்தார். வாளிக்குள் கரி பிடித்த சிரட்டை கிடந்தது.

“கற்பூரம் கொளுத்தி வாளியில வைச்சு இறக்கிறது நீங்களோ?”

“ஓம்.”

“அட, கற்பூரக்காரரே! கிணத்துக்கை இறங்கமுன்னம் பூசை செய்யிற பக்தியான ஆக்களெண்டு சனம் கதைச்சது. உதை முதலே சொல்லுறதுக்கென்ன?”

அது பூசை இல்லை. அடியில் காற்றுக் கெட்டிருந்தால் நெருப்பு அணைந்து நூர்ந்துவிடும். நூர்ந்தால் நாங்கள் இறங்கமாட்டோம். அதற்குத்தான் கற்பூரம். இது வாய் வரை வந்தது. ஆனால் திறப்பு அவர் கையில் இருந்தது. அவர் நீட்ட வாங்கிக்கொண்டேன்.

அன்று அந்தக் கிணற்றை இறைத்தோம். அந்த வீட்டுக்குப் போகிற ஒழுங்கையில் பூட்டிக் கிடந்த மற்ற வீடுகளின் திறப்புகளும் அந்த அம்மாவிடம்தான் இருந்தன. வீட்டுக்காரருக்கு அவரே போன் எடுத்தார். “கொம்பனி இல்லை, எனக்குத் தெரிஞ்ச பெடியள்” என்று அவர் சொல்வது எங்களுக்குக் கேட்டது. எங்களில் இளையவனுக்கே நாற்பது தாண்டிவிட்டது.

வீட்டில் சொன்னேன். மைத்துனன் துள்ளினான்.

“பாத்தியளே அத்தான்! உதுதான் பேர். கற்பூரக்காரர்! மறப்பினமே?”

“கற்பூரமெண்டு தேடுறவைக்குக் கற்பூரம்தான் வேணும் மாமா. கிணறில்லை.”

“திறப்பு எந்தப் பேருக்கு வந்தது?”

“லண்டன்காரி எந்தப் பேருக்கு வந்தவ?”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் முற்றத்தைப் பார்த்தேன்.

மகள் நீளப் பெயரை அப்படியே விட்டாள். அதன் கீழே ‘கற்பூரக்காரர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, வாளிக்குள் கற்பூரம் எரிகிற படமும் வைத்தாள். இப்போது சரியா என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்?

மாத முடிவில் அந்த ஒழுங்கை வேலை முடிந்தது. ஆட்கள் கொட்டிலடியில் நின்றார்கள். கொழும்பு என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

“அடுத்தது எங்கை அண்ணை?” என்று ஒருவன் கேட்டான்.

அடுத்தது இல்லை. அதைச் சொல்லப் போகும்போது போன் அடித்தது.

“கற்பூரம் மொத்தமாக் குடுப்பியளோ?” ஆண் குரல்.

“நாங்கள் கற்பூரம் விக்கிறேல்லை.”

“அப்ப என்ன கோதாரிக்குப் படம் போட்டு வைச்சிருக்கிறியள்?”

அவர் போனை வைக்கப் போகிறார் என்று தெரிந்தது. ஆட்கள் இருவரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“அண்ணை எந்த ஊர்?” என்றேன்.

“உரும்பிராய். ஏன்?”

“வீட்டில கிணறு இருக்கோ?”

“இருக்கு” என்றார். “இறைச்சுக் கனகாலம்.”

“வாறம்” என்றேன். ஆட்கள் கயிற்றை எடுத்து லான்ட்மாஸ்டரில் போட்டார்கள்.