எட்வேட் வென்ற தங்கம்

எட்வேட் ஒலிம்பிக்குக்குப் போனதேயில்லை. எழுபத்திரண்டாம் ஆண்டு கொழும்பில் நடந்த மல்யுத்தத் தெரிவுப் போட்டியில் நாற்பது வினாடியில் தோற்று, மறுநாளே மன்னாருக்கு ரயிலேறியவர். பிறகு ஜேர்மனி, பிறகு லண்டன், பெற்றோல் செட்டில் இருபத்தாறு வருட ஷிப்ட்.

ஆனால் லண்டனின் சட்டன் பகுதியில் விளையாட்டுக் கழகம் நடத்தும் வைத்தியநாதனுக்கு மேடையில் உண்மை போதாது. கழகத்தின் ஆண்டு விழாவில் எட்வேட்டுக்குப் பொன்னாடை போர்த்தி, முதல் வருடம் "ஒலிம்பிக்குக்குத் தெரிவானவர்" என்றார். அடுத்த வருடம் "கலந்துகொண்டவர்". பொன்னாடையில் சரிகை அகலமாக அகலமாகப் பட்டமும் வளர்ந்து, மூன்றாம் வருடம் எட்வேட் தங்கமே வென்றுவிட்டார். இரண்டு தரம் எழுந்து மறுத்துப் பார்த்தார். தன்னடக்கம் என்று சபை கைதட்டியது. பிறகு விட்டுவிட்டார். பொய்யோடு மல்லுக்கட்டவும் ஒரு வயது வேண்டும்.

இப்போது வயது எழுபத்தாறு. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. தோர்ண்டன் ஹீத்தில் மூன்றாம் மாடி, லிப்ட் கிடையாது. தேவாலயத்துப் பூசைக்குப் போய் எட்டு மாதம். கீழ்த்தள வீடு கேட்டு எழுதியதற்கு, நிலைமையை நேரில் பார்க்கக் கவுன்சிலிலிருந்து ஒரு பெண் வந்தார். பெற்றோல் செட் இங்கிலிஷ் கவுன்சிலுக்குப் போதாது; மொழிபெயர்க்க வைத்தியநாதன், கோட்டும் ரையுமாக.

"படி ஏற ஏலுமோ எண்டு கேக்கிறா, அண்ணை."

"நாலு தரம் இருந்து இருந்துதான் ஏறுவன். இறங்கிறது அதைவிடக் கரைச்சல் எண்டு சொல்லு."

வெள்ளைக்காரிக்கு முன்னால் அண்ணையை நொண்டியாக்க வைத்தியநாதனுக்கு நா எழவில்லை. இவர் ஒலிம்பிக் சாம்பியன், படிகளில் இடைவெளி விட்டுப் பயிற்சி செய்கிறார் என்று ஆங்கிலத்தில் அளந்தார். அந்தப் பெண் வியந்து சிரித்து எதையோ எழுதினார். எட்வேட்டின் மனைவி அருமைநாயகிக்கு "சாம்பியன்" மட்டும் விளங்கியது. அதுவே போதும்.

"பாழ்படுவானே, என்னத்தைச் சொல்லித் துலைச்சனி?"

"மரியாதையாத்தான் சொன்னனான், அக்கா!"

எட்வேட் கதிரையைப் பிடித்து, மேசையைப் பிடித்து, மெல்லக் கம்பளத்தில் இறங்கி மல்லாந்து படுத்தார். இரண்டு தோளும் தரையில் பட்டன. மல்யுத்தத்தில் அதற்குமேல் தோல்வி இல்லை.

"தம்பி, உன்ர சாம்பியனை இப்ப எழும்பச் சொல்லு பாப்பம்."

முழங்காலை மடக்கப் பார்த்தார். முனகல்தான் வந்தது. கொஞ்சம் நடிக்கலாம் என்றுதான் நினைத்திருந்தார், தேவைப்படவில்லை.

அந்தப் பெண் பேனையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். மூன்று பேர் சேர்ந்து தூக்கிக் கதிரையில் இருத்த ஆறு நிமிடம் எடுத்தது. மூச்சு வாங்கியபடியே அந்தப் பெண் முன்பு எழுதியதை வெட்டினார். கீழ்த்தளம், அவசரம் என்று எழுதி அடிக்கோடும் போட்டார். வைத்தியநாதனிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

"அண்ணை, கழகத்து ஆக்களுக்கு நான் என்னெண்டு சொல்லுறது?"

எட்வேட் கண்ணை மூடிக்கொண்டார்.

"இனி ஒண்டும் சொல்லாதை, தம்பி."