அண்டாவில் வெட்டிய ஆண்டு

தண்ணீர் குடித்து முடித்ததும் ஷைனி சொம்பைத் திருப்பித் தந்துவிட மாட்டாள். கழுத்தைச் சுற்றிப் பார்ப்பாள், கவிழ்த்துப் பார்ப்பாள். பெயரும் தேதியும் வெட்டியிருந்தால் போச்சு, பையிலிருந்து நோட்டு வெளியே வந்துவிடும். "இது யாரு வச்ச சீரு அத்தே?"

கச்சிராயபாளையம் பக்கம் கரும்பு வெட்டும் தைரியநாதனின் மகள். கள்ளக்குறிச்சியில் பி.ஏ. வரலாறு, மூன்றாம் ஆண்டு. "நர்சிங் சேந்திருந்தா இந்நேரம் வேலைக்குப் போய்க்கினு இருப்ப. ராஜா கதைய படிச்சி இன்னா பண்ணப் போற?" என்று கேட்காத வாய் தெருவில் இல்லை.

"ராஜா கதை இல்ல சித்தப்பா, உங்க கதைதான்" என்பாள்.

சும்மா சொன்னதில்லை. அறுபதுகளில் அணை கட்ட வந்த கூலிகள் அப்படியே தங்கிப்போன தெரு இது என்று ஊரில் ஒரு இளக்காரப் பேச்சு உண்டு. அணைக்கு முன்பே இங்கே அடுப்பு எரிந்தது என்று காட்டுவதுதான் அவளுடைய ப்ராஜெக்ட். "சான்று எங்கம்மா?" என்றார் பேராசிரியர். கூலிக்காரர் தெருவில் ஏது கல்வெட்டு, ஏது செப்பேடு? ஆனால் கல்யாணப் பாத்திரத்தில் பெயர் வெட்டாத வீடு உண்டா! அட, இது யாருக்குத் தோன்றும்? இவளுக்குத் தோன்றியது. முப்பத்தெட்டு வீடு ஏறி இறங்கினாள். எல்லாம் அணைக்குப் பிந்திய தேதிகள். ரங்கம்மாள் வீட்டுப் பித்தளை அண்டாவில் மட்டும் 'சடையன், 1958' என்றிருந்தது. சடையன், ரங்கம்மாளின் மாமனார். ப்ராஜெக்ட் மொத்தமும் அந்த அண்டாவின் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

மறுநாள் ஒப்படைக்க வேண்டும். அண்டாவைப் படம் எடுக்கப் போனவள், வழக்கமான கேள்வியைக் கேட்டுவைத்தாள்.

"யாரும் வைக்கல பாப்பா. கள்ளக்குறிச்சில பழைய பாத்திரக் கடையில வாங்கனது" என்று சிரித்தாள் ரங்கம்மாள். "அப்பா பேரே வெட்டியிருக்குதுன்னு எங்க வூட்டுக்காரரு ஆசையா தூக்கியாந்தாரு. எந்த ஊரு ஆளு பேரோ!"

ஷைனிக்கு முகம் செத்துப்போயிற்று. ரங்கம்மாளுக்கே பாவமாகிவிட்டது. "வுடு, யாருக்குத் தெரியப் போவுது? எழுதிக்கோ."

"எனக்குத் தெரிஞ்சிபோச்சே, பெரிம்மா."

நோட்டில் அண்டாவைப் பற்றிய வரியை ஸ்கேல் வைத்து நேராக அடித்தாள். பக்கத்தில் 'கடையில் வாங்கியது' என்று எழுதினாள்.

அன்றைக்கு அவள் ஏற்கெனவே ஏழு சொம்பு தண்ணீர் குடித்திருந்தாள். வெளியூருக்குக் கரும்பு வெட்டப் போயிருந்த பச்சையம்மாள் அன்று காலைதான் வந்து வீட்டைத் திறந்திருந்தாள். தெருவில் ஷைனி பார்க்காத வீடு அது ஒன்றுதான். நேராக அந்த வாசலில் போய் நின்றாள்.

"அத்தே, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க."