ஓரகத்தியின் ஓடை

மாடியில் சின்னவள் சிரித்தால் கீழே பெரியவளுக்குக் கையிலிருக்கும் வேலை ஓடாது. ஒரே வீடு, இரண்டு தளம். அண்ணன் பெண்டாட்டி கீழே, தம்பி பெண்டாட்டி மேலே. ஓரகத்திகள் ஒரே கூரையின் கீழ் காலம் தள்ளுவதே பெரும்பாடு. இரண்டு பேரும் ஒரே வேலையையும் பார்த்தால் கேட்கவா வேண்டும்!

என்ன வேலை என்கிறீர்களா? ஆற்றிலிருந்து ஓடையில் ஏறிவந்து முட்டையிடும் மீன்களுக்கு வழி செய்து கொடுக்கும் வேலை. சிரிக்காதீர்கள். தடுப்பணை கட்டியவன் தண்ணீரை நினைத்துக் கட்டினான், ரோடு போட்டவன் வண்டியை நினைத்துப் போட்டான், மீனை எவன் நினைத்தான்? அதனால் அணையோரம் மீன் ஏறப் படி கட்ட வேண்டும். ரோட்டடியில் உயரத்தில் தொங்கும் குழாயைத் தாழ்த்திப் புதைக்க வேண்டும். கரையில் நிழலுக்கு மரம் நட்டு, மாடு மிதிக்காமல் வேலி போட வேண்டும். நிலத்துக்காரரின் கையெழுத்து, இன்ஜினியரின் வரைபடம், மண்வெட்டும் எந்திரக்காரர், தொண்டர்கள் என்று அவிழ்த்துவிட்ட நெல்லிக்காய் மூட்டையாக ஆளுக்கொரு பக்கம் உருளும் இத்தனை பேரையும் ஒரே நாளில் ஒரே கரையில் கொண்டுவந்து நிறுத்துகிறவருக்கு ஒருங்கிணைப்பாளர் என்று பெயர்.

பெரியவள் ஒன்பது வருஷமாக மேற்கு ஓடையின் ஒருங்கிணைப்பாளர். அதற்கு முன்னால் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் நகலெடுத்துக்கொண்டிருந்தாள். எந்த வயலுக்கு எது எல்லை, எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த நிலத்துக்காரர் டீ குடித்த பிறகுதான் பேசுவார் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஒருமுறை இடதுகால் ரப்பர் பூட்ஸ் சேற்றோடு போய்விட்டது. ஒற்றைக் கால் தர மாட்டேன் என்றார் கடைக்காரர். "அப்ப உங்க கடையே எனக்கு வேணாம்" என்று வந்துவிட்டாள். அன்றிலிருந்து வலது காலில் தன்னுடையது, இடது காலில் கணவருடைய பழையது, இரண்டு அளவு பெரியது. வீம்புக்காரி.

சின்னவளை இந்த வேலைக்கு இழுத்துவந்ததே இவள்தான். "மாடியில சும்மா உட்கார்ந்து என்ன பண்ற? வா, நாலு பேரைப் பார்த்த மாதிரி இருக்கும்" என்று கூட்டிப்போய், படிவம் நிரப்பக் கற்றுக்கொடுத்து, தண்ணீரின் வேகம் அளக்கக் கற்றுக்கொடுத்து, கிழக்கு ஓடைக்கு ஆள் தேடியபோது "என் ஓரகத்தி இருக்காளே" என்று கையைக் காட்டியவளும் இவளே. வளர்த்த கடா மார்பில் பாய்ந்த கதைதான். நாலே வருஷத்தில் சின்னவளின் ஓடையில் மீன் ஏறிவிட்டது. போன பருவத்தில் ஆயிரத்து நானூறு. பெரியவளின் ஓடையில் ஒன்பது வருஷமாகப் பூஜ்யம்.

காரணம் பெரியவளுக்குத் தெரியும். அதுதான் இன்னும் எரிச்சல். அவள் வேலையை மேலே இருந்து தொடங்கினாள். மேல்பகுதி நிலத்துக்காரர்கள் தங்கமானவர்கள், கேட்டதும் கையெழுத்துப் போட்டார்கள். மலையடிவாரம் வரை மரம், நிழல், கூழாங்கல் படுகை எல்லாம் தயார். ஆனால் இரண்டு ஓடைகளும் கூடுமிடத்துக்குப் பக்கத்தில், ஓடையின் வாயிலேயே, ஒரு மாவு மில்லுக்காரரின் தடுப்பணை. அந்த மனுஷன் எட்டு வருஷம் அசைந்து கொடுக்கவில்லை. வீடெல்லாம் வெள்ளையடித்துவிட்டு வாசற்கதவைப் பூட்டி வைத்ததுபோல் ஆயிற்று. சின்னவளோ வாயிலிருந்து தொடங்கி மேலே போனாள். "நீங்க பட்ட பாட்டைப் பார்த்துத்தான்க்கா நான் கீழே இருந்து ஆரம்பிச்சேன்" என்று கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னாள். நன்றியாம்! பெரியவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மில்லுக்காரர் ஒருவழியாக இறங்கிவர, போன வருஷம்தான் அங்கே மீன்படி கட்டி முடித்தார்கள். இந்தப் பருவம் தொடங்கும்போது ஆற்று வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. நாலு வார எண்ணிக்கையில் மேற்கு ஓடையில் ஒரு மீன்கூட ஏறவில்லையென்றால் இரண்டு அலுவலகமும் ஒன்றாகும், ஒருங்கிணைப்பாளராகச் சின்னவள் இருப்பார், பெரியவர் அவருக்கு உதவியாளராகத் தொடரலாம்.

உதவியாளர்! தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தவளுக்கு!

"விடேன். ஒரு வீட்டுக்குள்ளதானே?" என்றார் கணவர்.

"ஆமா, உங்க தம்பி உங்களுக்கு மேஸ்திரியா வந்தா நீங்க மாலை போட்டு வரவேற்பீங்க!" என்றாள். அவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்.

மூன்று வாரம் போனது. பெரியவள் தினமும் தன் மீன்படியின் மேல் பலகையில் உட்கார்ந்து, தண்ணீருக்கடியில் பதித்த வெள்ளைத் தகட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். மேலே போகும் மீன் வெள்ளையில் நிழலாகத் தெரியும். கையிலிருக்கும் எண்ணும் கருவியைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து. அழுத்தத்தான் ஒன்றும் வரவில்லை. ஒரு இலை போனது, ஒரு செருப்பு போனது. மாலையில் வீடு திரும்பினால் மாடியில் சின்னவள் போனில், "இன்னிக்கு தொண்ணூத்தாறு!" என்பாள். அவள் மெதுவாகத்தான் பேசுவாள். பெரியவளுக்குத்தான் கூரையைத் துளைத்துக்கொண்டு கேட்கும்.

நாலாவது வாரம், திங்கட்கிழமை மதியம். பெரியவள் கூடுமிடத்தைச் சுற்றிக்கொண்டு வந்தவள் கிழக்கு ஓடையின் மீன்படியைப் பார்த்து நின்றுவிட்டாள். படியின் வாயில் இரண்டு தடுப்புப் பலகைகள் இறங்கியிருந்தன. படிக்குள் சேறு வாரும்போது தண்ணீரை நிறுத்த அந்தப் பலகைகளைப் பக்கச் சுவர்களின் பள்ளத்தில் இறக்குவார்கள், வாரி முடிந்ததும் தூக்கிவிடுவார்கள். தூக்க மறந்துவிட்டார்கள்! கீழே மீன்கள் திகைத்துப்போய் மூக்கால் பலகையை முட்டிக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்றாகப் புரண்டுகொண்டிருந்தன.

இரண்டு அலுவலகச் சுவரிலும் ஒரு தாள் ஒட்டியிருக்கும். பெரியவளின் கையெழுத்து. 'எவர் ஓடை என்றாலும், அடைப்பைப் பார்த்தவர் அந்த நிமிஷமே போன் செய்ய வேண்டும்.' முதல் வருஷத்தில் அவள் எழுதிய விதி.

போனை எடுத்தாள். சின்னவளின் எண் மேலேயே இருந்தது. அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. இந்த வாசல் மூடியிருந்தால் இவை எங்கே போகும்? பக்கத்து ஓடைக்குத்தானே? 'நான் என்ன மூடினேனா? மறந்தது அவ ஆளுங்க. அவளே வந்து பார்த்துக்கட்டும்' என்று சொல்லிக்கொண்டு போனைப் பையில் போட்டாள். கரைச் சேற்றில் காலைப் பிடுங்கிப் பிடுங்கி நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பூஜ்யம். புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு வெள்ளைத் தகட்டின்மேல் ஒரு நிழல் போனது. பெரியவள் அழுத்த மறந்து வாயைப் பிளந்தாள். இன்னொன்று. பிறகு மூன்று சேர்ந்து. கட்டைவிரலால் விடாமல் அழுத்தினாள். பதினொரு மணிக்கு அறுபத்தொன்று. ஒன்பது வருஷம்! தனியாக உட்கார்ந்து கண்ணீர் வழியச் சிரித்தாள், பைத்தியம் மாதிரி.

செய்தி பரவ எவ்வளவு நேரமாகும்? மில்லுக்காரர் வந்து, முதலிலேயே சம்மதித்தவரைப்போல மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார். வாரியத்து அதிகாரி எண்ணைக் குறித்துக்கொண்டு, "மேற்கு ஓடை அலுவலகம் அப்படியே இருக்கும்மா" என்று கைகுலுக்கிவிட்டுப் போனார். எல்லாரும் கலைந்த பிறகு சின்னவள் டீ பிளாஸ்க்கோடு வந்தாள்.

"அக்கா! அறுபத்தொண்ணாமே! எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

பெரியவள் டீயை ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள். அவளிடம் மறைத்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை.

"இரு. உன் படியில பலகை இறங்கியிருக்கு. திங்கட்கிழமையே பார்த்தேன். சொல்லல."

சின்னவள் பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே, "நான்தான்க்கா இறக்கினேன்" என்றாள்.

"என்னது?"

"என் பக்கம் தண்ணி வேகம் ஜாஸ்தி. மீனெல்லாம் அந்த இரைச்சலுக்கே வந்துடுது, உங்க வாசல் அதுங்களுக்குத் தெரியவே இல்ல. ரெண்டு நாள் நிறுத்தினா அதுங்களே தேடிக்கிட்டு வரும்னு நினைச்சேன். வழி பழகிட்டா அப்புறம் வந்துக்கிட்டே இருக்கும். உங்ககிட்ட கேட்டா வேணாம்னுதான் சொல்லுவீங்க. உங்க வீம்பு எனக்குத் தெரியாதா?" பிளாஸ்க்கைப் பலகையில் வைத்தாள். "நீங்க எனக்குக் கீழ உதவியாளரா உட்கார்ந்தா, வீட்ல எனக்குச் சோறு இறங்குமா?"

'பாவி, இதிலும் என்னை முந்திட்டாளே!' என்றுதான் பெரியவளுக்கு முதலில் தோன்றியது. உண்மையைச் சொல்வதற்கென்ன, நன்றி இரண்டாவதாகத்தான் வந்தது.

"நான் வந்துட்டுப் போனது, நானா சொல்லலேன்னா உனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றாள் மெதுவாக.

"தெரியும்க்கா. திங்கட்கிழமை சாயங்காலமே சேத்துல தடம் பார்த்தேன். வலது கால் சின்னது, இடது கால் பெருசு. இந்த ஊர்ல அப்படி வேற யாரு?" சின்னவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "அப்புறம் ரெண்டு நாளும் போனைக் கையிலயே வெச்சிருந்தேன். குளிக்கப் போறப்பகூட."

பெரியவள் கருவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வா. பலகையைத் தூக்கலாம்."

தண்ணீரில் ஊறிப் பலகைகள் பள்ளத்தில் இறுகியிருந்தன. இரண்டு பேரும் இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஆளுக்கொரு முனையைப் பிடித்து, மூச்சு முட்ட இழுத்தார்கள். ஒரு பலகை வந்த வேகத்தில் சின்னவள் மல்லாந்து விழுந்தாள். பெரியவள் அவளுடைய பின்னலைப் பிடித்துத் தூக்கினாள். "ஐயோ, முடி!" என்று அலறினாள் சின்னவள். காத்துக் கிடந்த மீன்கள் இருவருடைய காலுக்கிடையிலும் புகுந்து மேலே பாய்ந்தன.

"எண்ணணும். என் கருவியைக் கொண்டு வரலையேக்கா" என்றாள் சின்னவள், நனைந்த புடவையைப் பிழிந்தபடி.

"நான் எண்ணுறேன்."

பெரியவள் கருவியைப் பூஜ்யத்துக்குத் திருப்பினாள். தன்னுடைய அறுபத்தொன்று அதிலிருந்து மறைந்தது. சின்னவளின் வெள்ளைத் தகட்டுக்கு மேல் குனிந்து எண்ணத் தொடங்கினாள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, அறுபத்திரண்டாவது மீன் போனது. பெரியவளுக்கு வயிறு எரிந்தது. எரிய எரிய எண்ணினாள். ஒன்றைக்கூட விடவில்லை.