புத்தூர்க் கட்டுப் போட்ட கம்ப்யூட்டர்

புத்தூரில் ஏழுமலை அண்ணனின் கடைக்குப் போனால் மேஜைக்குப் பின்னால் ஒரு பழைய மதர்போர்டு ஆணியில் தொங்குவதைப் பார்க்கலாம். அதன் நடுவில் இரண்டு மூங்கில் சிம்புகள், வேட்டிக் கிழிசலால் இறுக்கிக் கட்டியவை. கண்காணிப்புக் கேமரா மாட்டச் சொல்ல வருகிறவர்கள் அதைத் திருஷ்டிக்கு வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவரும் திருத்துவதில்லை.

இரண்டாயிரத்தில் நாங்கள் திருப்பதியில், அலிபிரி போகும் சாலையில், ஒரு டீக்கடைக்குப் பின்னால் பக்கத்துப் பக்கத்து அறைகளில் குடியிருந்தோம். ஒன்றில் நான். மற்றதில் அண்ணன், அவருடைய அக்கா செங்கம்மா, மகள் காவ்யா. அப்போது தெருவுக்கொரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையம் முளைத்துக்கொண்டிருந்தது. அப்படியொன்றில் நான் பாடம் எடுத்தேன். அண்ணன் பெட்டிகளைப் பழுதுபார்த்தார்.

அவர் விஜயபுரம் பக்கத்துக்காரர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கிப் படிக்க வைத்தார்கள். சித்தூரில் ரேடியோ மெக்கானிக் படித்து முடித்தபோது ரேடியோவைப் பழுதுபார்க்கக் கொடுப்பவர்கள் இல்லாமல் போயிருந்தார்கள். சென்னைக்குப் போய் ரிச்சி ஸ்ட்ரீட்டில் இரண்டு வருடம் நின்றுகொண்டே கம்ப்யூட்டரைக் கற்றார். திருகாணிகளை உதட்டில் கவ்விக்கொண்டே பேசுவார். எந்தப் பாகம் கருகியிருக்கிறது என்று மோந்து சொல்லிவிடுவார்.

மனைவி சுலோசனா புத்தூர்ப் பெண், அவருக்கு மாமன் மகள். குவைத்தில் ஒரு வீட்டு வேலைக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. சுலோசனா விமானம் ஏறியபோது காவ்யாவுக்கு இன்னும் பேச்சு வந்திருக்கவில்லை. இப்போது பிள்ளை செங்கம்மாவை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். செங்கம்மா ஒவ்வொரு தடவையும் "அத்தைன்னு சொல்லு" என்பார். அண்ணன் அந்த நேரத்தில் எதையாவது தேடுவதுபோல் குனிந்துகொள்வார்.

அதற்காகத்தான் பழைய பாகங்களை வாங்கி வீட்டில் ஒரு கம்ப்யூட்டரைச் சேர்த்தார். வெள்ளிக்கிழமை குவைத்தில் விடுமுறை. நம் நேரம் மாலை நாலு மணிக்கு, சுலோசனா அங்கே ஒரு மலையாளியின் நெட் கடைக்கு வந்து மைக்கில் பேசுவார்.

அண்ணனிடம் ஒரு பெருமையும் இருந்தது. மதர்போர்டில் ஜம்பர் என்று எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் மூடி உண்டு. அதை இடம் மாற்றிச் செருகினால் முன்னூறு மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓட வேண்டிய சிப் நானூற்றைம்பதில் ஓடும்; சூடும் ஏறும். திருப்பதியில் முதலில் இதைச் செய்தது தான்தான் என்று நம்பினார். வேலை செய்யும் இடத்தில் அவர் பெயரே 'ஃபோர் ஃபிஃப்டி' ஆகிவிட்டது. அந்தப் பெயரில் யாராவது கூப்பிட்டால் முகம் பூத்துப்போகும்.

இந்தப் பெட்டியையும் அந்த வேகத்தில்தான் ஓட்டினார். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் அது ஹேங் ஆனது. மோடத்தையும் மைக்கையும் சேர்த்துச் சுமந்த சில நிமிடங்களில் திரை உறைந்துவிடும். ஸ்பீக்கரில் கடைசியாக வந்த ஒலி மட்டும் திரும்பத் திரும்ப வரும். சுலோசனா எப்போதும் மகளைத்தான் முதலில் கூப்பிடுவார். "காவ்யா" முழுசாக வந்து சேராது. கா, கா, கா, கா என்று அறை முழுக்கக் கொத்தும். அண்ணன் ரீசெட்டை அழுத்துவார். இணைப்பு மறுபடி கிடைப்பதற்குள் அங்கே நேரம் முடிந்திருக்கும்.

மூன்றாவது வாரம் காவ்யா கை தட்டினாள். "நைனா, காக்கா வந்துச்சி."

அவளுக்கு அந்தப் பெட்டியில் இருப்பது காக்கா. அண்ணன் அன்று சாப்பிடவில்லை.

சூடுதான் காரணம் என்று முடிவு செய்தார். சிப்பின் சூட்டை இழுத்து வெளியேற்றும் அலுமினியக் கட்டியை இறுக்கப் போய், அதைப் பிடித்திருந்த கொக்கியை உடைத்துவிட்டார். மாற்றுப் போர்டு வாங்க வழியில்லை. மூங்கிலைச் சீவிச் சிம்பு வைத்து, புத்தூரில் கைகால் முறிந்தவர்களுக்கு முட்டையும் மூலிகையும் தடவிப் போடும் கட்டு மாதிரியே துணி சுற்றிக் கட்டினார்.

செங்கம்மா எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "முட்டை தடவினியாடா, இல்ல அப்டியே கட்டிட்டியா?"

கட்டு பொருந்தியது. ஆனால் துணி சூட்டைப் பொத்திவைத்தது. பிரித்துப் பார்க்கலாமே என்று நான் மெதுவாகச் சொன்னேன். போட்ட கட்டை நாள் ஆகாமல் பிரிக்கக்கூடாது என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்; இல்லை. அந்த வெள்ளியும் காக்காதான் வந்தது.

அடுத்த வியாழன் காலை டீக்கடை போனுக்கு சுலோசனா அழைத்தார். வீட்டுக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வேறு நாட்டுக்குக் கிளம்புகிறார்கள், தன்னையும் அழைத்துப் போகிறார்கள், நான்கு மாதத்துக்கு நெட் கிடையாது என்றார். மிச்சமிருந்தது மறுநாள் மட்டும். அண்ணன் அவசரமாக சூட்டையும் சிம்பையும் கட்டையும், ஒவ்வொரு தடவையும் ரீசெட் அழுத்துவதையும் காவ்யாவின் காக்காவையும் விளக்கினார். கடைக்காரர் போனில் எதிர்முனை எப்போதும் உரக்கவே கேட்கும்.

"இன்னா மாமா நீ. எங்காலு ஒடைஞ்சப்ப கட்டு போட்டவரு இன்னா சொன்னாரு? நடன்னாரு. ஓடுன்னா சொன்னாரு? கட்டும் போட்டுக்கினு அத்த ஓட வேற வுட்றியே."

அண்ணன் போனை வைத்தார். பிறகு அறைக்கு வந்து துணியைப் பிரித்தார். சிம்பு மட்டும் நிற்கும்படி, காற்றுப் போக இடம் விட்டு, குறுக்கே இரண்டே சுற்றாகக் கட்டினார். ஜம்பரைப் பிடுங்கி விரல் நுனியில் வைத்துக்கொண்டார்.

"முன்னூறுதான்," என்றார் யாரிடமும் என்றில்லாமல். பழைய இடத்தில் செருகினார்.

வெள்ளிக்கிழமை நாலு மணி. திரை சோம்பேறியாக ஒவ்வொரு வரியாகத் திறந்தது. இணைப்பு கிடைத்தது. கொஞ்சம் கரகரப்போடு, முழுசாக, அந்தக் குரல் வந்தது: "காவ்யா."

பத்து நிமிடம் ஆயிற்று. இருபது. சுலோசனா என்னென்னவோ கேட்டார். காவ்யா வாயே திறக்கவில்லை. மானிட்டருக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து, உதடு பிதுங்க, "காக்கா எங்க நைனா?" என்றாள்.

மைக் அதையும் எடுத்துக்கொண்டு போனது. பிறகு ஸ்பீக்கரில் கா, கா, கா, கா என்று வந்தது.

அண்ணனின் கை தானாக ரீசெட் பட்டனுக்குப் போனது. அழுத்தப் போன நொடியில் பெட்டிக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

"அழுத்திடாத மாமா. நான்தான்."

காவ்யா ஸ்பீக்கரை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். "காக்காம்மா," என்றாள்.