பத்து நம்பர் செருப்பு

கண்ணாடிக்காரரின் கால் பத்து நம்பர். ஆண்பிள்ளைக்கு அது ஒன்றும் பெரிய கால் இல்லை. எந்தக் கடையில் கேட்டாலும் திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டி எடுத்து வைப்பார்கள். பெண்கள் செருப்பில்தான் அந்த அளவு கிடையாது. எட்டு நம்பரோடு கடைக்காரர்கள் கையை விரித்துவிடுவார்கள். இந்த விஷயம் அவருக்கு இருபத்து நாலு வயதிலேயே தெரியும்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் அவருக்கு முப்பது வருஷ வேலை. லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது, காதில் மாட்டும் கம்பியைச் சூடு காட்டி வளைப்பது, வருகிறவர்களின் முகத்துக்கு எது எடுக்கும் என்று சொல்வது. கடைசி வேலையில் அவரை அடிக்க ஆள் இல்லை. தாடை அகன்றவர்களுக்கு வட்டக் கண்ணாடியைத் தொடவே விடமாட்டார். "அது உங்களுக்கு வேண்டாம்மா, முகத்துல ரெண்டு தட்டு ஒட்டின மாதிரி இருக்கும்" என்பார். அவர்களும் சிரித்துக்கொண்டே கேட்பார்கள்.

பெண்கள் உடை உடுத்திப் பார்ப்பதில் அவருக்கு ஆசை. ஏன் என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை. ஒருவர் தொட்டியில் மீன் வளர்க்கிறார், இன்னொருவர் ஓடாத ரேடியோக்களை வாங்கிப் பிரித்துப் போடுகிறார். இவருக்கு இது. பெண்ணாக மாற வேண்டும் என்றோ வேறு யாரையும் தேடிப் போக வேண்டும் என்றோ அவர் நினைத்ததில்லை. ஒரு நல்ல கவுனைப் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார வேண்டும், டீ குடிக்க வேண்டும், பேப்பர் படிக்க வேண்டும். பிறகு கழற்றி மாட்டிவிட்டுப் போய்விடுவார்.

முதல் கவுனை வாங்கப் போனபோது, "தங்கச்சிக்கு" என்றார்.

"தங்கச்சி என்ன சைஸ் சார்?" என்று கேட்டாள் கடைப் பெண்.

"என்னை மாதிரிதான் இருப்பா."

அவள் இவரை மேலும் கீழும் பார்த்தாள். "பாவம் சார் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் இருப்பதிலேயே பெரியதைத் தேடி எடுத்து வந்தாள். அதுவும் முதுகில் ஜிப் ஏறவில்லை. அடுத்த தடவை இரண்டு அளவு கூட்டி வாங்கினார், ஜன்னல் திரையைச் சுற்றிக்கொண்ட மாதிரி தொங்கியது. போட்டுப் பார்த்து வாங்க முடியாது, வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவும் முகமில்லை. பொம்மைக்கு மாட்டியிருந்ததைப் பார்த்து மயங்கி, இருபது வயதுக்காரி போடுவதை நாற்பது வயதில் வாங்கினார். ஊரார் முகத்தையெல்லாம் அளந்து சொல்கிறவருக்குத் தன் தோளின் அகலம் மட்டும் கண்ணில் படவில்லை. ஒரு விக்குக்கு ஒரு மாதச் சம்பளம் போயிற்று. அது கூட முதல் கோடையில் சிக்கு விழுந்து தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது.

இதைவிடப் பெரிய செலவு, தூக்கிப் போட்டது. இந்தப் பழக்கம் உள்ளவர்கள் தவறாமல் செய்கிற காரியம் அது. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது எல்லாவற்றையும் சாக்கில் கட்டி நாலு தெரு தள்ளியிருந்த குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு செய்தார். இரண்டு வருஷம் தாங்கியது. பிறகு மறுபடி ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கடைப் பரணில் ஒளித்து வைத்தார். மகள் பிறந்தபோது மறுபடி ஒரு சாக்கு, இந்த முறை இல்லாதவர்களுக்கென்று பழைய துணி போடுகிற பெட்டியில். நாலு மாதம் கழித்து பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண் அவருடைய பச்சைக் கவுனைப் போட்டுக்கொண்டு நின்றாள். இடுப்பைப் பிடித்துத் தைத்திருந்தாள். அவரைவிட அவளுக்குத்தான் அது எடுப்பாக இருந்தது. அவர் ஏற வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டு அவள் ஏறிப் போகிறவரை பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வாரமே வேறொரு பச்சைக் கவுன் வாங்கினார்.

அதற்குப் பிறகு தூக்கிப் போடுவதை விட்டார். டயர் கடைக்கு மேலே ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தார், பழைய ஃபிரேம்கள் போட்டுவைக்க என்று சொல்லி. ஓர் இரும்பு பீரோ, ஆளுயரக் கண்ணாடி, ஒரு நாற்காலி. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாடை, மூடினால் வேர்வை. சனிக்கிழமை இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை அவருடைய நேரம். மனைவிக்கு அன்று ஆறு மணிவரை வேலை. "சனிக்கிழமைன்னா கடையில லென்ஸ் குவிஞ்சு கிடக்கும்" என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தார்.

மனைவியிடம் சொல்ல வேண்டும் என்று நினைக்காமல் இல்லை. கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகைகூடப் பார்த்திருக்கிறார். வாயைத் திறந்தால் வீடு இரண்டாகிவிடும் என்று ஒவ்வொரு முறையும் பயந்து விட்டுவிடுவார். அவள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பதிவேட்டுப் பிரிவில் இருந்தாள். ஆயிரக்கணக்கான நோயாளிகளின் கோப்புகளில் ஒன்று இடம் மாறி இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். எதற்கும் அதனதன் இடம் உண்டு அவளிடம். இதை அவள் எந்த இடத்தில் வைப்பாள் என்று அவருக்குத் தெரியவில்லை. கோபித்துக்கொண்டு போனால்கூடப் பரவாயில்லை. முன்பின் தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டால்?

மகளுக்குப் பத்து வயது இருக்கும்போது மனைவிக்குப் பதவி உயர்வு வந்தது. ரயிலில் ஆறு மணி நேரத் தொலைவில் இருந்த கிளை ஆஸ்பத்திரியில் பிரிவுத் தலைவி.

"முடியாதுன்னு எழுதிக் குடுத்துட்டேன்" என்றாள்.

"ஏன்? நல்ல வேலைதானே? பாப்பாவ நான் பார்த்துக்க மாட்டேனா?"

"வீட்ட விட்டுட்டு எப்படிப் போறது."

நாலு வருஷம் கழித்து இரண்டாவது தடவையும் வந்தது. அதையும் வேண்டாம் என்றாள். அவளிடம் வேலை கற்றுக்கொண்ட பெண் அந்த இடத்துக்குப் போய், தலைவியாகவே திரும்பி வந்தாள். இன்றைக்கு அவளிடம்தான் இவள் லீவு கேட்க வேண்டும். கண்ணாடிக்காரர் இதைக் கடையில் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவார். "நமக்காகப் பதவியே வேண்டாம்னுட்டாங்க சார். யாரு வீட்டுல இப்படிக் கிடைக்கும்?"

செருப்புத் தைப்பவரைக் கண்டுபிடித்தது அதற்குச் சில வருஷம் கழித்து. கண்ணாடி மாற்ற வந்த வாடிக்கையாளர் அவர், மார்க்கெட் பின்புறம் சின்ன கடை.

"யாருக்கு சார்?"

"வீட்டம்மாவோட அக்காவுக்கு. பத்து நம்பர். கொஞ்சம் குதிகால் வச்சு."

"பத்தா? அம்மா நல்ல உசரமா இருப்பாங்க போல."

"ஆமா, உசரம்."

"ஒரு தடவ கூட்டிட்டு வாங்க, அளவெடுத்துடுவோம்."

"அவங்க வெளியூரு. என் காலையே வச்சு எடுத்துக்குங்க. ரெண்டும் ஒரே அளவுதான்."

செருப்புத் தைப்பவர் காகிதத்தில் காலை வைக்கச் சொல்லிப் பென்சிலால் சுற்றி வரைந்தார். இடது கால் சுண்டு விரல் உள்பக்கமாக மடங்கியிருந்த இடத்தில் பென்சில் நின்றது. புதுக் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். "அக்காவுக்கும் சுண்டு விரல் இப்படித்தானா சார்?"

"ம்."

"அமைப்பு பாருங்க" என்றார் அவர். வேறு ஒன்றும் கேட்கவில்லை. வருஷத்துக்கு ஒரு ஜோடி. சுண்டு விரலுக்கு இடம் விட்டுத் தைத்த அந்தச் செருப்புகள்தான் கண்ணாடிக்காரர் சேர்த்த உருப்படிகளில் சொந்த அளவுக்கு அமைந்தவை.

ஐந்தாவது ஜோடியின்போது செருப்புத் தைப்பவர் நெஞ்சுவலி என்று படுத்துவிட்டார். மார்க்கெட்டை இடிக்கப் போகிறார்கள், கடையைக் காலி செய்தாக வேண்டும். அவருடைய மருமகள் ஆர்டர் நோட்டைப் பார்த்து, தைத்து முடித்தவற்றை ஒவ்வொருவருக்காகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். 'கண்ணாடிக் கடை சார், வீட்டம்மா அக்கா, பத்து' என்று எழுதியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அரை நாள் கடை உண்டு. அவள் வந்த நேரம் இவர் டீ குடிக்கப் போயிருந்தார். நல்ல மனசோடு யாரோ வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டார்கள்.

மகள் வெளியூரில் வேலைக்குப் போய்விட்டாள்; இரண்டு மணிக்கு அவர் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது மேஜையில் இரண்டு தட்டு இருந்தது. அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் பேப்பர் விரித்து, அதன்மேல் ஒயின் நிறச் செருப்பு ஒரு ஜோடி.

"என் அக்காவுக்குச் செருப்பு வந்திருக்கு" என்றாள் மனைவி. அவளுக்கு மூன்று அண்ணன்கள், கூடப் பிறந்த பெண் என்று யாரும் இல்லை. "எனக்கு ஒரு அக்கா இருக்கான்னே இன்னைக்குத்தான் தெரியும்."

அவர் உட்காரவில்லை.

"உக்காருங்க. சோறு ஆறுது. உசரம்னு தெரியும். காலும் இவ்வளவு பெருசுன்னு நான் நினைக்கல."

"யாரு உசரம்?"

"அவதான். பன்னெண்டு வருஷமாத் தெரியும். உங்க சட்டைத் தோள்ல ஒரு முடி எடுத்தேன், செம்பட்டையா, முழங்கை நீளம். அப்புறம் ஒரு பில்லு, கவுனு. பெரிய சைஸு." அவள் குரல் ஏறவில்லை. ஆஸ்பத்திரியில் கோப்பிலிருந்து படித்துச் சொல்கிற குரல்தான். "பஸ்ஸுல உசரமா ஒருத்தி ஏறினா முடியப் பார்ப்பேன். உங்க கடைக்கு வந்தா, கண்ணாடி வாங்க வர்றவங்கள்ல யாரு உசரம்னு பார்ப்பேன். ஒருத்திகிட்ட போய் எந்த ஊருன்னுகூடக் கேட்டிருக்கேன். எனக்கே அசிங்கமா இருக்கும்."

அந்தக் கணத்தில் கண்ணாடிக்காரருக்கு ஒரு கேவலமான யோசனை வந்தது. ஆமாம், இருந்தாள், இப்போது இல்லை என்று சொல்லிவிடலாம். காலில் விழலாம். அந்தத் தப்பை எப்படி மன்னிப்பது என்று ஊருக்கே தெரியும். அவருடைய நிஜத்தைத்தான் யாரும் கேள்விப்பட்டதில்லை.

உட்கார்ந்தார். சாக்ஸைக் கழற்றினார். இடது காலைச் செருப்புக்குள் விட்டார்.

அவள் செருப்பைப் பார்த்தாள். மடங்கிய சுண்டு விரல் அதற்கென்றே விட்டிருந்த இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது. அவருக்கு இடுப்புப் பிடித்துப் படுத்திருந்த மாதம் அந்த விரலுக்கு நகம் வெட்டியவள் அவள்.

"நீங்களா?"

"நான்தான்."

"அப்போ அவ?"

"அப்படி யாரும் இல்லம்மா."

"முடி?"

"விக்கு."

அவள் அழவில்லை. தட்டில் போட்டதை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். "அப்போ நான் எதுக்குப் போகல?" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை.

"ரெண்டு தரம் கூப்பிட்டாங்க. நான் அந்தப் பக்கம் போனா அவ இந்தப் பக்கம் வந்து உக்காந்துக்குவான்னு போகல. என் சமையக்கட்டுல, என் பீரோ முன்னாடி. பிள்ளைக்கு அவ தலை வாரிவிடுவான்னு நினைச்சு நினைச்சுத் தூங்காம எழுதிக் குடுத்தேன், முடியாதுன்னு. இல்லாத ஒருத்திக்கு இடம் விட்டுடக் கூடாதுன்னு இங்கயே காவல் இருந்திருக்கேன்."

நமக்காகப் பதவியே வேண்டாம் என்றுவிட்டார்கள் என்று கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தது அவருக்கு நினைவு வந்தது. எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்.

அடுத்த சனிக்கிழமை அவள் லீவு போட்டுவிட்டு அறையைப் பார்க்க வந்தாள். பீரோவைத் திறந்து, கோப்புகளைத் தள்ளுகிற மாதிரி ஹேங்கர்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். விலை கேட்டாள், மறைக்காமல் சொன்னார். பாதி உடைகளுக்கு அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"இது உங்க தோள்ல நிக்காதே."

"நிக்கல."

"இந்தக் கலரு உங்களுக்கு எடுக்காது. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்." பிறகு கையிலிருந்ததை மாட்டிவிட்டு, "சொல்லியிருப்பேனான்னும் தெரியல. அன்னைக்கு ஆடித் தீர்த்திருப்பேன். எங்க அம்மா வீட்டுக்குப் போயிருப்பேன். ஒரு மாசம் இருந்திருப்பேன். அப்புறம் வந்திருப்பேன். ஒரு மாசம்தானே, பன்னெண்டு வருஷமா?" என்றாள்.

கீழே யாரோ டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

அறையைக் காலி செய்யச் சொன்னதும் அவள்தான். வாடகை தண்டம், வீட்டு பீரோவில் பாதி ஒழித்துத் தருகிறேன் என்றாள். சொன்னபடி ஒழித்தும் கொடுத்தாள். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்வதா என்று கண்ணாடிக்காரர் குழம்பிக்கொண்டிருந்தபோதே, கிளை ஆஸ்பத்திரிக்கு மாறுதல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். பதவி எதுவும் இல்லை. இங்கே செய்கிற அதே வேலை, அதே சம்பளம். ஓய்வுபெற நாலு வருஷம் இருந்தது.

"இப்ப போய் என்ன பண்ணப் போற?" என்று கேட்டார்.

"வேலை பார்க்கப் போறேன். சும்மா இருங்க, உங்க மேல கோவிச்சுக்கிட்டுப் போகல. மாசம் ரெண்டு தடவ வருவேன். அந்த ஊரு எப்படி இருக்கும்னாவது பார்க்கணும் எனக்கு."

ரயிலேற்றிவிட்டு வந்த அன்று சாயங்காலம், கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக, கண்ணாடிக்காரர் தன் சொந்த வீட்டில் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு பச்சைக் கவுனை எடுத்துப் போட்டார். ஒயின் நிறச் செருப்பையும் போட்டார். முப்பது வருஷமாக ஏங்கியது இதற்குத்தான். டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரில் பீரோவின் ஒரு பக்கம் திறந்திருந்தது. அவள் காலி செய்து கொடுத்த பாதிக்குப் பக்கத்தில், ஊருக்கு எடுத்துக்கொண்டு போனதால் மற்றப் பாதியும் காலியாக இருந்தது. டீ ஆறியது.

போன் அடித்தது.

"வந்து சேர்ந்துட்டேன். ரூமு பரவாயில்ல. ஜன்னல் இருக்கு."

"சாப்பிட்டியா?"

"இனிமேத்தான். நீங்க என்ன பண்றீங்க?"

அவர் ஆறிய டீயைத் தள்ளி வைத்தார். பிறகு, "போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்றார். முப்பது வருஷத்தில் அவளிடம் சொன்ன முதல் வார்த்தை போல இருந்தது அது.

அந்தப் பக்கம் ஜன்னலைத் திறக்கிற சத்தம் கேட்டது.

"புதுச் செருப்பா?"

"ஆமா."

"கடிக்குதா?"

அவர் காலைப் பார்த்தார். சுண்டு விரலுக்குச் சரியாகத்தான் இடம் விட்டிருந்தார்கள். குதிகாலில்தான் தோல் உரிந்திருந்தது.

"கடிக்குது" என்றார்.

"கடிக்கட்டும்" என்றாள் அவள். போனை வைக்கவில்லை.