சாயங்காலத்தில் காசு தராதவர்

அக்கார்டியன் வாசிக்கும் கபித்தலீனா மகாரவ்னாவுக்குப் புரோகோர் லூக்கிச் நாற்பதாயிரம் ரூபிள் பாக்கி. புத்தாண்டு விருந்துகளில் வாசித்த கூலி. அதில் அவருக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. காசுக்கு விருந்து போடும் தன் வீட்டு வாசலில் சிவப்புப் பட்டுச் சட்டையில் நின்று, பூத்தையல் துண்டின்மேல் ரொட்டியும் உப்பும் ஏந்தி, மாஸ்கோவிலிருந்து வந்த பயணிகளை வரவேற்றுக்கொண்டிருந்தார்.

“பிச்சு உப்புல தொட்டுச் சாப்பிடுங்க! ஏழாங்கிளாஸோட படிப்பை விட்டவன் நான். மர லாரி ஓட்டினவன். இன்னிக்கு ஆர்ஹாங்கெல்ஸ்க்ல ருஷ்ய விருந்துன்னா அது லூக்கிச் வீட்டு விருந்துதான்!”

முப்பாட்டன் கைப்பக்குவம் என்று அவர் ஊற்றும் வோட்கா மூலைக்கடைச் சரக்கு. அதில் காட்டுப்பழத்தை நசுக்கிப் போடுவதோடு முப்பாட்டன் வேலை முடிந்துவிடும். மூலையில் நிற்கும் பாடம் செய்த கரடியைத் தாத்தா சுட்டதாகச் சொல்வார். சந்தையில் அதை விற்றவன் வாரம் ஒருமுறை வந்து சாப்பிட்டுப் போகிறான். ஜூன் மாதத்திலும் தடித்த திரைகளை இழுத்துவிட்டு மெழுகுவத்தி ஏற்றுவார். ருஷ்ய விருந்தென்றால் வெளியே பனி கொட்டியாக வேண்டும் என்பது அவர் கட்சி.

பொழுது சாய்ந்தபின் காசு கொடுத்தால் வீட்டுச் செல்வமும் பின்னாலேயே போய்விடும் என்று அந்த ஊரில் பலரும் நம்புகிறார்கள். லூக்கிச் அளவுக்கு யாரும் நம்புவதில்லை. மதியத்துக்கு முன் அவர் எழுந்திருப்பதும் இல்லை. குளிர்காலத்தில் அவர் எழுந்து, டீ குடித்து, மீசை வாருவதற்குள் இருட்டிவிடும். கோடையில் அந்தத் திரைகளே அவருக்குப் பொழுதைச் சாய்த்துவிடும்.

மீன் சூப் முடிந்து ஆட்டம் தொடங்க வேண்டிய நேரத்தில் கபித்தலீனா அக்கார்டியனை மூடினாள். அது இரவல். அவளுடையது அடகுக்கடையில் இருந்தது; மறுநாள் காலை மீட்காவிட்டால் விற்றுவிடுவார்கள்.

“லூக்கிச், என் காசு.”

“ஐயோ மகாரவ்னா, சாயங்காலத்துலயா? என் குடி முழுகிடும்மா! நாளைக்கு வா. விருந்தாளிங்க பாக்கறாங்க, கொஞ்சம் சிரி.”

“நாளைக்கு அடகுக்கடை திறக்கறப்ப நீங்க குறட்டை விட்டுட்டிருப்பீங்க. பொழுது சாஞ்சாதானே தரமாட்டீங்க?”

எழுந்து போய்த் திரையை ஒரே இழுப்பாக இழுத்தாள். இரவு மணி பத்து; ஆனால் அந்த வடகோடி ஊரில் அது ஜூன் மாதம். ட்வினா ஆற்றின்மேல் சூரியன் முழுசாக நின்றிருந்தது. கரடியின் பூச்சியரித்த முதுகு பளிச்சென்று தெரிந்தது. இதுவும் நிகழ்ச்சியில் ஒன்றென்று நினைத்து மாஸ்கோக்காரர்கள் கைதட்டினார்கள்.

“நீங்களே சொல்லுங்க, சாயங்காலமா இது?”

“பட்டப்பகல்!” என்று கத்தினார்கள். “குடுத்துடுங்க, லூக்கிச்!”

லூக்கிச் சூரியனைப் பார்த்தார். அது இறங்குவதாக இல்லை. பட்டுச் சட்டைக்குள் கைவிட்டு, அவள் நீட்டிய உள்ளங்கையில் ஐயாயிரம் ஐயாயிரமாக எண்ணி வைத்தார். தாளுக்கு ஒரு தட்டாகக் கூட்டம் தாளம் போட்டது. கடைசித் தாள் மட்டும் விரலைவிட்டு வரவில்லை. அவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி பிடித்திருக்க, அவள் அதன் நுனியைப் பற்றி மெல்ல உருவினாள்.